அமானத்தும் நிர்வாகமும்: நம் மகளிர் நிதிக்கு யார் பொறுப்பு?

(நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பத்தாருக்காக இங்கே வெளியிடுகிறோம்.)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்னும் ஓராண்டுக்கு இந்தப் பணியைச் செய்ய நமக்குத் தவ்ஃபீக் கொடுத்த இறைவனுக்கு நன்றி செலுத்தியவர்களாக இந்தக் கூட்டத்தைத் தொடங்குகிறோம்.

வழக்கமாக இந்த நேரத்தில் செயலாளர் எழுந்து ஆண்டறிக்கை வாசிப்பார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, தையல் இயந்திரம் பெற்றவர்கள் இத்தனை பேர், வட்டியில்லாக் கடன் பெற்றவர்கள் இத்தனை பேர் என்று சொல்லி முடிப்பார். நீங்களும் மாஷா அல்லாஹ் சொல்வீர்கள். துஆ ஓதி, தேநீர் குடித்துக் கலைவோம். இந்த ஆண்டுக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்துடன் அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. அதில் சந்தேகம் இருந்தால் கூட்ட முடிவில் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறோம். இன்று நாங்கள் பேச எழுந்தது வேறொரு காரியத்திற்காக. நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. அதை ஏன் வைக்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகளிர் நிதி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு சுளகை மடியில் வைத்தால் லுஹர் வரை தலை நிமிராத உம்மாமார் எத்தனை பேர்! கடைக்காரர் கழித்துவிடும் பீடி போக, வாரக் கடைசியில் கைக்கு வருவதுதான் அவர்களின் வருமானம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பணம் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. தலாக் ஆகித் தாய்வீடு திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தா முடிந்த மறுநாளே அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய கைம்பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் அவசரத்திற்குப் போய் நிற்கும் இடம் எது? வாரத் தவணைக் குழுக் கடன், அதற்கும் மேலே கந்துவட்டி.

பெண்களின் பொருளாதாரப் பாதுகாப்பு என்று மேடைகளில் பெரிதாகச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஒரு பெண் அடுத்த மாத அரிசிக்காக யார் வாசலிலும் போய் நிற்கும் நிலை வரக்கூடாது. அவளுக்கு ஒரு தொழில், அவள் பெயரில் ஒரு சேமிப்பு, நெருக்கடியில் வட்டியில்லாமல் கை கொடுக்க ஒரு நிதி. இந்த மூன்றையும் கொடுப்பதற்காகவே இந்த நிதி.

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறோம்.

ஒரு சகோதரி நம்மிடம் மனுக் கொடுத்தார். கணவரை இழந்தவர். ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். பீடி சுற்றிக்கொண்டே, மொத்தக் கடையில் நைட்டி வாங்கித் தெருத் தெருவாக விற்க நினைத்தார். கேட்ட தொகையும் பெரிதல்ல. எங்கள் ஒன்பது பேர் கொண்ட குழு இஷாவுக்குப் பிறகு கூடியது. மனுவைப் பார்த்தோம். ஜாமீன் கையெழுத்துப் போட ஓர் ஆண் உறவினர் வேண்டும் என்றோம். அவருக்கு அப்படி யாரும் இல்லை. மனுவை நிறுத்தி வைத்தோம். "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டே சொல். ஏன் என்று எழுதவில்லை, அவருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு மனு வந்தது. எங்களில் ஒருவருக்கு நெருங்கிய உறவுக்காரப் பெண்ணின் பெயரில். "நம்ம பிள்ளைதானே" என்றார்கள். அதற்கு ஜாமீன் கேட்கவில்லை. வீட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பணம் போனது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்குத் தொழிலே இல்லை. அவர் பெயரில் வாங்கிய பணம் வீட்டு ஆண்களின் கடைக்குச் சரக்கு வாங்கப் போயிருக்கிறது. தவணை பாக்கி வந்தபோது கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணின் பெயர்தான் பாக்கிப் பட்டியலில் ஏறியது. பணம் எங்கே போனது என்றுகூட அவருக்குத் தெரியாது.

முதலில் சொன்ன சகோதரி என்ன ஆனார்? வாரத் தவணைக்கு வெளியில் வாங்கினார். தவணை தவறியதும், அதை அடைக்க வட்டிக்கு வாங்கினார். மகளின் காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போனது. இது எங்களுக்குத் தெரியவந்தது எப்படி என்றால், குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டில் அவர் மனைவி சொன்னார்கள்: "நீங்க ஒன்பது பேரும் உட்கார்ந்து பேசுனீங்களே, அந்த ரெண்டு வீட்டு நிலைமையும் இந்தத் தெருப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள்ல ஒருத்திகிட்டயாவது கேட்டீங்களா?"

சகோதரர்களே, அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் யாரும் பணத்தைத் தின்றுவிடவில்லை. கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆடிட்டரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அமானத் தவறிப்போனது. நம்மை நம்பி வந்தவர் வட்டியில் விழுந்தார். யாருடைய பெயரிலோ யாருக்கோ பணம் போனது. அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். வட்டிக் கடனை அடைக்க உதவினோம். இப்போது அவர் வியாபாரம் செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய அனுமதி பெற்றுத்தான், பெயர் சொல்லாமல், இதை இங்கே பேசுகிறோம்.

அதன் பிறகு நாங்கள் பல மாதங்கள் உட்கார்ந்து யோசித்தோம். ஆலிம்களிடமும் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் மஷூரா செய்தோம். எங்களுக்கு விளங்கியது இதுதான்: நல்ல எண்ணம் மட்டும் நிர்வாகம் ஆகாது. யாருக்காக நிதியோ அவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். முடிவெடுப்பவர்களைக் கேள்வி கேட்க எழுதப்பட்ட விதி இருக்க வேண்டும்.

இது நம் மார்க்கத்துக்குப் புதிய பாடமா? இல்லை. நாம் மறந்துபோன பாடம்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நல்லதொரு நிலம் கிடைத்தது. அதை என்ன செய்வது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, வக்ஃப் செய்தார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது, விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சேர வேண்டும் என்பது நிபந்தனை. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதைக் கொண்டு சொத்துச் சேர்க்கக் கூடாது. மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இது வக்ஃபுப் பாடத்தில் வரும் ஹதீஸ் என்று தெரியும். அபூதாவூத் கிரந்தத்தில் அந்த வக்ஃபுப் பத்திரத்தைப் பற்றி இன்னும் கூடுதலாக வருகிறது. பத்திரத்தை எழுதியவர் முஐகீப் (ரலி). சாட்சி அப்துல்லாஹ் இப்னு அல்அர்கம் (ரலி). அந்தச் சொத்துக்கு நிர்வாகியாக உமர் (ரலி) நியமித்தது யாரை? தம் மகளாரை, உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்களை. அறிவிலும் பேணுதலிலும் பேர்பெற்ற அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) போன்ற ஆண்மக்கள் இருக்கும்போதே, ஹஃப்ஸா (ரலி) வாழும் காலம்வரை அவர்களிடம் நிர்வாகம் என்று எழுதி வைத்தார்கள்.

ஒன்றாகத் திரட்டப்பட்ட குர்ஆன் ஏடுகள் உமர் (ரலி) அவர்களுக்குப் பிறகு யாரிடம் பாதுகாப்பாக இருந்தன என்பதும் உங்களுக்குத் தெரியும். அதே ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான். உம்மத்தின் வேதத்தையே ஒரு பெண்ணிடம் அமானத்தாக வைத்த சமுதாயம் நாம். நம் ஊரில் தையல் இயந்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஒரு பெண்ணைக்கூட உட்கார வைக்கவில்லையே!

அடுத்து, எழுதி வைப்பது பற்றி. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் மக்தப் பிள்ளைகளும் சொல்வார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். அது பேசுவது கடனைப் பற்றி. சிறியதோ பெரியதோ எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது. அதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு நுட்பம் இருக்கிறது. கடன் பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவர் என்கிறது அந்த வசனம். நம் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வக்கீல் தமிழில் இரண்டு பக்கம். அதில் கையெழுத்துப் போடும் சகோதரிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா? அவரை யாராவது பேச விட்டோமா? கடன் வாங்குபவரின் குரலுக்கு அந்த வசனம் கொடுத்த இடத்தை நம் படிவம் பறித்துவிட்டது.

உறவுக்காரர் விஷயத்திலும் நமக்கு வழிகாட்டல் இருக்கிறது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துச் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். பொறுப்பில் இருப்பதால் நமக்கோ நம்மைச் சார்ந்தவர்களுக்கோ ஒரு சலுகை கிடைக்கிறது என்றால், அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம். நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, அறநிதியின் பலன் அறங்காவலர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் போய்ச் சேர்ந்தால் வரிவிலக்கு பறிபோகும் என்று எச்சரித்தது. ஆடிட்டர் இதைச் சொன்னபோது எங்களுக்கு உள்ளூர நடுங்கியது. சட்டத்தின் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பலாம். மறுமையின் கேள்விக்கு என்ன சொல்வோம்?

இனி, நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். குஜராத்தில் அகமதாபாத் நகரில் பீடி சுற்றுபவர்கள், காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், ஒட்டுத்துணி தைப்பவர்கள் என்று உழைக்கும் பெண்களைச் சேர்த்து 1972 இல் ஒரு தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. பெயர் சேவா. முன்னின்றவர் இலா பட் என்ற வழக்கறிஞர். அந்தப் பெண்களும் நம் ஊர்ப் பெண்களைப்போல வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நாங்களே ஒரு வங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள். 1974 இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்த முடியுமா என்று பதிவு அதிகாரிகள் தயங்கினார்கள். முன்னின்ற பெண்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரைக் கையெழுத்திடப் பழகினார்கள், மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வங்கியின் நிர்வாகத்தில் உழைக்கும் பெண்களின் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள்.

பக்கத்து நாடான வங்கதேசத்தில் 1983 இல் வங்கியான கிராமீன் வங்கியிலும், நெடுங்காலம் இயக்குநர் குழுவின் ஒன்பது இடங்கள் கடன் வாங்கும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இவர்கள் வட்டியுடன் இயங்குபவர்கள். அந்த வழி நம் வழியல்ல, அதில் நமக்குச் சமரசம் இல்லை. ஆனால் நிர்வாக வழியில் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. யாருக்காக நிறுவனமோ அவர்களை மேசைக்கு மறுபக்கம் நிற்க வைக்காமல் மேசையிலேயே உட்கார வைத்தார்கள். வட்டியை விலக்கிய நாம் அதையும் சேர்த்து விலக்கிவிட்டோம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறோம். ஆறு அம்சங்கள். ஒவ்வொன்றையும் காரணத்துடன் சொல்கிறோம்.

முதலாவது: நிர்வாகக் குழுவை ஒன்பதிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தி, அதில் நான்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குவது. ஆண்களில் மூத்தவர் ஒருவர் தாமாகவே விலகி இடம் தருகிறார், அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. நான்கு பேரில் இருவர், நம் நிதியில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய சகோதரிகளாக இருக்க வேண்டும். அவர்களைக் கடன் பெற்ற சகோதரிகளே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நாங்கள் நியமிக்க மாட்டோம். நம் சாசனத்தில் அறங்காவலர்களைக் கூட்டிக்கொள்ள அதிகாரம் இருக்கிறது, வக்கீலிடம் காட்டி உறுதி செய்துவிட்டோம்.

இரண்டாவது: உறவினர் மனு. குழு உறுப்பினரின் குடும்பத்திலிருந்தோ நெருங்கிய உறவிலிருந்தோ மனு வந்தால், அந்த உறுப்பினர் முதலில் அதைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். அவர் வெளியே போனதும் மினிட்ஸில் எழுதப்பட வேண்டும். அவர் வீட்டாருக்கு ஒரு ஜாமீனும் அடுத்த வீட்டாருக்கு ஒரு ஜாமீனும் கிடையாது. அறங்காவலரின் சொந்தக் குடும்பத்துக்கு இந்த நிதியிலிருந்து கடனே கிடையாது.

மூன்றாவது: மனு நிராகரிக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ, காரணத்தை எளிய தமிழில் எழுதி ஏழு நாளைக்குள் அந்தச் சகோதரிக்குச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் பெண் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஆண் ஜாமீன்தான் வேண்டும் என்ற விதி இன்றோடு எடுக்கப்படுகிறது. உழைக்கும் இரண்டு பெண்கள் அவருக்காகச் சாட்சி சொன்னால் போதும். கடன் தொகை அந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகும். வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

நான்காவது: கணக்கு. ஜகாத், லில்லாஹ், கடன் நிதி மூன்றும் தனித்தனிக் கணக்காக இருக்கும். ஜகாத் உரியவருக்கு உடைமையாகவே போய்ச் சேர வேண்டும், அதைக் கடன் நிதியில் சுழற்ற மாட்டோம் என்று ஆலிம்களின் வழிகாட்டல்படி முடிவெடுத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவுச் சுருக்கம் இந்த மடலில் வெளியாகும். பள்ளிவாசல் பலகையிலும் நிஸ்வான் மதரஸா பலகையிலும் ஒட்டப்படும். கடன் வாங்கியவர்களின் பெயர் எங்கும் வராது. இயந்திரம் கொடுக்கும்போது வரிசையில் நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்து ஃபிளெக்ஸ் வைக்கும் பழக்கமும் இனி இல்லை. நன்கொடை தந்தவருக்குப் புகைப்படம் வேண்டுமென்றால், இயந்திரத்தை மட்டும் படம் எடுத்துக் கொடுப்போம்.

ஐந்தாவது: தவணை கட்ட முடியாமல் போனவர்கள். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது நம் வேதம். ஆனால் அவகாசம் யாருக்கு, எவ்வளவு என்பது இதுவரை அன்றைக்குக் கூட்டத்தில் இருப்பவர்களின் மனநிலையைப் பொறுத்திருந்தது. இனி நோய், மரணம், பிரசவம், வேலையிழப்பு ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட விதி இருக்கும். அவகாசம் கேட்பவர் எவர் முன்னும் அழ வேண்டியதில்லை. வசதி இருந்தும் கட்டாமல் இழுப்பவர்களுக்கும் தனி விதி இருக்கும், ஏனென்றால் அவர்கள் வைத்திருப்பது அடுத்த சகோதரிக்குரிய பணம்.

ஆறாவது: பதவிக் காலம். ஒருவர் மூன்றாண்டு, மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டால் இன்னொரு மூன்றாண்டு. அதற்கு மேல் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் இது பொருந்தும். இந்த விதியை எழுதியபோது எங்கள் கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். செயலாளர் பொறுப்பில் நாங்கள் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறோம். சாவி எங்கே, ரசீதுப் புத்தகம் எங்கே, எந்த வங்கி மேலாளரிடம் என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கிறது. இதை இத்தனை நாளும் சேவை என்றே நினைத்தோம். யோசித்துப் பார்த்தால், ஒருவர் கண்ணை மூடினால் நின்றுபோகும் நிர்வாகம் அமானத்துக்குப் பாதுகாப்பு அல்ல. ஆகவே இந்தத் தீர்மானம் நிறைவேறினால், முதலில் விலகும் பெயர் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்தச் செயலாளருடையது. ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ்.

இந்த யோசனையை வீடு வீடாகப் பேசியபோது சில ஆட்சேபங்கள் வந்தன. அவற்றை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

பெண்களுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அப்படி ஒரு குழு ஏற்கெனவே இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை கூடியது. அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம், பிறகு நாங்கள் நினைத்ததைச் செய்தோம். ஓட்டு இல்லாத ஆலோசனை எப்போதும் இந்தக் கதிக்குத்தான் வரும். ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் உடைந்து நின்ற நேரத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டதோடு நிற்கவில்லை. எழுந்து போய் அதன்படியே செய்தார்கள். நம் குழு அந்த இரண்டாவது பகுதியைச் செய்யவில்லை.

பர்தா என்ன ஆவது, இரவில் பெண்கள் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இஷாவுக்குப் பிறகு கூட்டம் வைத்தது ஆண்களின் வசதிக்காக. இனி மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நிஸ்வான் மதரஸா கூடத்தில் கூட்டம். இருக்கை ஒழுங்கை ஆலிம்கள் சொன்னபடி அமைத்திருக்கிறோம். கடை வைத்திருக்கும் ஆண் உறுப்பினர்களுக்குச் சிரமம்தான். மாதத்தில் இரண்டு மணி நேரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவார்கள்.

பெண்களுக்குக் கணக்கு வழக்குப் புரியுமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு எங்கள் குழுவிலுள்ள மூத்தவர் ஒருவரே பதில் சொன்னார்: "தம்பி, கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஆயிரத்தில் எத்தனை கழிவு, எவ்வளவு இலை கூடுதலாகப் போனது, பாஸ்புக்கில் கடைக்காரர் எத்தனை எழுதினார் என்று எங்க உம்மா விரல்விட்டுச் சொல்லும். படிக்காத பொம்பளை. கடைக்கணக்கரே அதுகிட்ட பயப்படுவாரு." இடம் மட்டும் கொடுத்துவிட்டு, புரியாத காகிதத்தைக் கையில் திணிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே கணக்கும் மனுக்களும் தமிழில், எளிமையாக எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். புதிதாக வருபவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகம் இரண்டு நாள் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வகுப்பில் பழைய உறுப்பினர்களாகிய நாங்களும் உட்காருவோம். எங்களில் எத்தனை பேருக்கு ஐந்தொகையைப் படிக்கத் தெரியும் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறோம்.

இன்னொருவர் மனம் வருந்திக் கேட்டார்: "இத்தனை விதி எதற்கு? எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" அவர் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தோம். அவர் இந்த அறக்கட்டளைக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்தவர். அவருக்கு நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். விதி என்பது நல்லவர்களைச் சந்தேகிப்பதற்கு அல்ல. "உங்கள் உறவுக்காரருக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று நாளை ஒருவர் தெருவில் நின்று கேட்டால், "அந்த நேரத்தில் நான் அறையிலேயே இல்லை, புத்தகத்தைப் பாருங்கள்" என்று அந்த நல்லவர் தலை நிமிர்ந்து சொல்வதற்குத்தான் விதி.

திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த இடங்கள் உங்களுக்குத் தரப்படும் தர்மம் அல்ல. உங்களுக்காகவே மக்கள் தந்த பணம் இது. குழுவுக்கு வருபவர்கள் தலையாட்டிவிட்டுப் போக வேண்டாம். எங்களைக் கேள்வி கேளுங்கள். உங்கள் உறவுக்காரர் மனு வரும்போது நீங்களும் எழுந்து வெளியே போங்கள். உங்கள் காதில் விழும் வீட்டு ரகசியங்களை அமானத்தாகக் காப்பாற்றுங்கள். ஒருவருடைய வறுமை அடுத்த வீட்டுப் பேச்சாகிவிட்டால், பிறகு யாரும் நம் வாசலுக்கு வர மாட்டார்கள், வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போவார்கள்.

கணவன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் இந்தக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் அனுப்பி வையுங்கள். அவர் பெயரில் நீங்கள் போய் உட்கார வேண்டாம், அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் பெயரில் வரும் கடனும் அப்படியே. அது அவருடைய தொழிலுக்கானது.

பெரியோர்களே, தீர்மானத்தின் முழு வாசகம் உங்கள் கையிலுள்ள தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு ஓட்டெடுப்பு. சந்தா செலுத்திய உறுப்பினர்கள் அனைவரும், பெண்கள் உட்பட, சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். கையைத் தூக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் யார் முகத்துக்காகவும் ஓட்டுப் போட வேண்டாம். திருத்தம் சொல்ல விரும்புபவர்கள் இப்போதே சொல்லலாம். ஏற்கத்தக்கதாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம்.

நைட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் அந்தச் சகோதரியை இந்த வாரம் கண்டோம். இப்படி ஒரு தீர்மானம் வருகிறது என்று சொன்னோம். அவர் மகிழ்ச்சியெல்லாம் காட்டவில்லை. "சனிக்கிழமை காலையிலயா? அப்ப நான் வர முடியும்" என்றார். ஓட்டெடுப்பு முடியட்டும் தாயி என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நம் கைகளில் உள்ள அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக. தெரிந்தும் தெரியாமலும் இந்த நிர்வாகத்தில் நடந்த குறைகளை மன்னிப்பானாக. நம் ஊர்ப் பெண்மக்களை வட்டியின் பிடியிலிருந்து காத்து, ஹலாலான ரிஜ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.